சேனை வைத்த கை

அடுப்படியில் மதினி மாசிக்காயைக் கல்லில் உரசிக்கொண்டிருந்தாள். சரக், சரக் என்று வந்துகொண்டிருந்த அந்தச் சத்தம் கொஞ்சம் நின்றாலும் கட்டிலில் கிடந்த வடிவரசி தலையைத் தூக்கிக் கேட்டாள். சத்தம் நின்றால் மருந்து தயார் என்று அர்த்தம். மருந்து தயாரானால் பிள்ளையை எழுப்பி நாக்கில் தடவ வேண்டும், எழுப்பினால் அதற்குப் பசி தெரிந்துவிடும், பசி தெரிந்தால் பால் கொடுக்க வேண்டும். அதனால் உரசட்டும், சாயங்காலம் வரைக்கும் உரசட்டும், காய் தேய்ந்து மதினியின் விரல் கல்லில் படுகிற வரைக்கும் உரசட்டும் என்று நினைத்தவள், இது என்ன நினைப்பு, அந்த விரல் உனக்கு என்ன பாவம் செய்தது என்று தன்னையே வைதுகொண்டாள். பக்கத்தில் பிள்ளை வாயை லேசாகத் திறந்தபடி தூங்கியது. இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, நாள் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். திறந்த வாய்க்குள் நாக்கு வெள்ளையாகத் தெரிந்தது. முதலில் பார்த்தபோது பால்தான் படிந்திருக்கிறது என்று நினைத்தார்கள். பால் என்றால் துடைத்தால் வந்துவிடும். இது வரவில்லை. வெந்நீரில் நனைத்த துணியை விரலில் சுற்றி அழுத்தித் துடைத்தபோது வெள்ளைக்கு அடியிலிருந்து சிவப்பாகக் கசிந்தது, பிள்ளை வீறிட்டது. மதினிதான் துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இது பாலு இல்லட்டி, அக்கரம்" என்றாள். அக்கரம். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் எழுத்துக்கும் அக்கரம் என்று ஒரு பெயர் உண்டு என்று சொல்லிக் கொடுத்திருந்தார். பிறந்த பிள்ளை நாக்கில் யாரோ எழுதிவிட்டுப் போன மாதிரி ஆகிவிட்டதே என்று அப்போது வடிவரசிக்குத் தோன்றியது. என்ன எழுதினார்கள், யார் எழுதினார்கள், அதை யாரிடம் காட்டி வாசிக்கச் சொல்வது. டாக்டரம்மா அதைப் பூஞ்சை என்றாள். டாக்டரம்மாவைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம்.

வெளியே சாரல். தென்காசியில் ஆனி ஆடி மாதம் வந்துவிட்டால் வானம் மழையும் பெய்யாது, விட்டும் தொலையாது, குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சொர்க்கம், ஈரத்துணி வைத்திருக்கிறவர்களுக்கு அது நரகம். வருகிற வேன்காரர்கள் ஜன்னல் வழியே கையை நீட்டிக் குளிர்ந்த தூறலைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு போவதை, கல்யாணத்துக்கு முன் இதே வீட்டு வாசலில் நின்று அவளும் வேடிக்கை பார்த்திருக்கிறாள். இப்போது அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, பிள்ளையின் துணிகளும் அவளுடைய உள்பாவாடைகளும் ரவிக்கைகளும் தொங்கின. எதைத் தொட்டாலும் சில்லென்று இருந்தது. காய்ந்ததா காயவில்லையா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாலும் தெரிவதில்லை. பால் கசிந்து நனைந்த துணியை மாற்றி, காயாத இன்னொரு துணியை வைத்துக் கட்டி, அது நனைந்ததும் மறுபடி மாற்றி, நாள் முழுவதும் நெஞ்சில் ஈரம்தான். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும், இது யாருக்குத் தெரியாது. செருப்பில் பிடிக்கிறது, சாமி படத்துச் சட்டத்தில் பிடிக்கிறது, ஊறுகாய் ஜாடியில் பிடிக்கிறது. அம்மா இருந்த காலத்தில் ஊறுகாயில் வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்துவிட்டால் போதும், வீட்டில் விசாரணை நடக்கும். யார் கை பட்டது, ஈரக்கையோடு தொட்டது யார், தூரமான கையோடு தொட்டது யார். காற்றும் மழையும் ஈரமும் இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது, கைதான் ஞாபகம் வரும். அம்மா செத்து, அண்ணனுக்குக் கல்யாணமாகி, மதினி வந்த பிறகு அந்த விசாரணையே நின்றுபோயிற்று. உலகம்மாள் மதினி போட்ட ஊறுகாய் இதுவரை கெட்டதே கிடையாது. தெருவில் எலுமிச்சங்காய் வாங்கினவர்கள் மதினியைக் கூப்பிட்டு, நீ வந்து உப்பை மட்டும் போட்டுக் குடுத்துட்டுப் போ, ராசியான கை என்பார்கள். போடச் சொல்லிவிட்டு, வளைகாப்பு என்றால் மட்டும் அதே மதினியைக் கூப்பிட மறந்துவிடுவார்கள். மறப்பார்களா, மறந்த மாதிரி இருப்பார்கள். மதினிக்குப் பிள்ளை இல்லை. உப்புக்கு ஆகிற கை வளையலுக்கு ஆகாது என்று எந்த ஊர்ச் சட்டமோ. அந்த ஊர்ச் சட்டத்துக்கு எதிராகத்தானே ஆஸ்பத்திரியில் நீ வீரம் பேசினாய், இப்போது எங்கே போயிற்று அந்த வீரம் என்று மனசு அவளைக் கேட்டது. அவள் புரண்டு படுக்கப் பார்த்தாள். ரவிக்கை மார்பில் உராய்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

வீரம்தான். பிறந்த பிள்ளை நாக்கில் முதல்முதலாகச் சீனித்தண்ணி தொட்டு வைக்கிறதைச் சேனை என்பார்கள், யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பதால் அதற்கு வீட்டில் பெரிய போட்டியே நடக்கும். வடிவரசியின் மாமியார் காந்திமதி, மின்சார வாரியத்தில் வேலை பார்க்கும் தன் தம்பியைப் புளியங்குடியிலிருந்து வரச் சொல்லிச் சேனைக்காகவே நிறுத்தி வைத்திருந்தாள். அந்த மனிதர் வெள்ளை வேட்டி கட்டி, செண்ட் அடித்து, வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மயக்கம் தெளிந்த வடிவரசி, "எங்க மதினிதான் சேனை வைக்கணும்" என்றாள். மாமியார் முகம் போன போக்கு அரை மயக்கத்திலும் தெரிந்தது. மதினி வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எங்க மதினி குணத்துல பாதி வந்தா போதும் என் பிள்ளைக்கு" என்று வடிவரசி அழ, தையல் பிரிந்துவிடப் போகிறது என்று நர்சு சத்தம் போட, அண்ணன் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்க்க, கடைசியில் மதினி விரலை மூன்று முறை கழுவி, துடைத்து, சீனித்தண்ணியில் தொட்டு, பிள்ளையின் நாக்கில் வைத்தாள். பிள்ளை அந்த விரலைச் சப்பியது. மதினி விரலை எடுக்கவில்லை. அவள் முகத்தை அப்போது வடிவரசி பார்த்தாள். இந்த முகத்துக்காக மாமியாரை நூறு தடவை பகைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நினைப்பதற்கு என்ன, படுத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் நினைக்கலாம். அம்மா இல்லாத வீட்டில் தலைப்பிரசவம் பார்க்க மதினி இருந்தாள், வயதுக்கு வந்தபோது மதினி இருந்தாள், ரயில்வே கேட் பக்கத்துப் பையன் காகிதம் எழுதிக் கொடுத்தபோது அண்ணனுக்குத் தெரியாமல் அதை அடுப்பில் போட மதினி இருந்தாள். ஒரு தடவையாவது மதினிக்கு நீ இரு என்று கடவுள் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தான், சேனை வைக்கச் சொல்லி அதைச் சரியாகத்தான் பயன்படுத்தினாய், ஆனால் இன்னொரு சந்தர்ப்பமும் கொடுத்தானே, இன்றைக்குக் காலையில்.

காலையில் மாமியாரிடமிருந்து போன் வந்தது. பிள்ளைக்குக் குளிக்க வெந்நீர் ஊற்றப் போகும் நேரம், வடிவரசியின் கை ஈரமாக இருந்ததால் மதினியே போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் வைத்தாள். அத்தை நலம் விசாரிக்கவில்லை. "நாக்குல இருக்கது போச்சா?" என்றாள். "குறைஞ்ச மாதிரி இருந்துச்சு அத்தை, திரும்ப வந்திருக்கு." "வரும். வராம என்ன செய்யும். சேனை வச்சது யாரு, அத மட்டும் எனக்குச் சொல்லு." "ஒங்களுக்குத் தெரிஞ்சதுதான அத்தை." "தெரியும். நாலு பேரு கேட்டா என்ன சொல்லதுன்னுதான் கேக்கேன். பிள்ளை பெறாத கை, ஏக்கம் பிடிச்ச கை. அந்தக் கைய நாக்குல வச்சா நாக்கு வெளுக்காம செவக்கவா செய்யும்? சாயங்காலம் வண்டி பிடிச்சு வாறேன். பிள்ளையும் நீயும் கெளம்பி இருங்க. அது வரைக்கும் அவ கை மேல படாம பாத்துக்க." வடிவரசி, "வாங்க அத்தை" என்றாள். வாங்க அத்தை. மதினி வெந்நீர்ச் செம்பைத் தரையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். பிறகு, "தண்ணி பதமா இருக்கு, நீயே ஊத்திக்கிடுதியா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் பிள்ளையைத் தூக்கவில்லை. துணி கொண்டுவந்தால் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். பிள்ளை அழுதபோது வாசல் வரை ஓடிவந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "அழுவாத கண்ணு, அம்மா இருக்கால்லா" என்று அங்கிருந்தே சொன்னாள். இப்போது உரசுகிற மாசிக்காயைக்கூட, "நான் உரசித் தாறேன், தடவுறது மட்டும் நீ தடவு" என்று சொல்லிவிட்டுத்தான் உரச உட்கார்ந்தாள். அவள் நம்பிவிட்டாள். யாரோ சொன்னார்கள் என்று அழுதிருந்தால் ஆறுதல் சொல்லலாம், சண்டைக்குப் போயிருந்தால் சமாதானம் செய்யலாம். அவளே நம்பிவிட்டாள். இத்தனை நாளும் பக்குவம் பார்த்து வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துக் கொண்டுவந்தாள், தேன் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதாக வடிவரசி சொன்னதும் அதைக் கொட்டிவிட்டுத் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள், வாய்ப்புண்ணுக்கு ஆகும் என்று மணத்தக்காளிக் கீரையைத் தினமும் ஆக்கிப் போட்டாள், யாரோ சொன்னார்கள் என்று சாரலில் நனைந்துகொண்டே பழைய பஸ் ஸ்டாண்டு நாட்டுமருந்துக் கடைக்குப் போய் இந்த மாசிக்காயை வாங்கிவந்தாள். அத்தனையும் வைத்தியம் இல்லை, பரிகாரம். செய்யாத குற்றத்துக்குப் பரிகாரம் செய்கிறவளைப் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

சத்தம் நின்றது. வடிவரசி காதைத் தீட்டிக்கொண்டாள். தண்ணீர் சொட்டும் சத்தம், பிறகு மறுபடி சரக், சரக். பிள்ளை தூக்கத்தில் உதட்டைச் சப்புக்கொட்டியது, அதைக் கேட்டதுமே மார்பு இரண்டும் தானாகக் கனத்துச் சுரக்க ஆரம்பித்தன, சுரக்கும்போதே உள்ளே யாரோ ஊசி நூல் கோத்து முதுகு வரை இழுத்துத் தைத்தார்கள். இது பால் குடிக்காதபோது. குடிக்கும்போது எப்படி என்று யாரிடமும் சொல்ல முடியாது. மிளகாய் அரைத்த கையை வெந்நீரில் வைத்தால் எப்படி இருக்கும், அந்த எரிச்சல் அங்கே, அந்த இடத்தில், அதன்மேல் ஒரு வாய் பிடித்து இழுக்கும். காம்பு இளஞ்சிவப்பாகப் பளபளத்து, சுற்றிலும் தோல் செதிலாக உரிந்து, ஓரத்தில் வெடித்திருந்தது. முதல் தடவை வலித்தபோது பிரசவ ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி, தலைப்பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும், பழகிப்போயிரும் என்றாள். அவளும் பழகப் பார்த்தாள். தலையணை நுனியைக் கடித்துக்கொண்டு பழகப் பார்த்தாள். பிள்ளையின் வாய் அருகே வரும்போது உடம்பு தானாகப் பின்னால் போயிற்று. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிற ஒருத்தி உலகத்தில் உண்டா என்று நினைத்தாள், உண்டு என்று யாராவது சொன்னால் தேவலை என்றிருந்தது. நேற்றிலிருந்து அவள் ஒரு காரியம் செய்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு, ரவிக்கையை அவிழ்க்காமல், பிள்ளையை மடியில் போட்டுத் தன் சுண்டுவிரலை அதன் வாயில் வைக்கிறாள். ஏமாந்து சப்புகிறது, சப்பிச் சப்பிக் களைத்துத் தூங்கிவிடுகிறது. கதவைத் திறந்ததும் மதினி கேட்கிறாள், குடிச்சாளா? குடிச்சிட்டா மதினி. ஒரு நேரம் கொடுத்தால் ஒரு நேரம் விரல். காலையில் துணி அலசப் போன மதினி, "மோண்டு நனைச்ச துணி இன்னைக்குக் கம்மியா இருக்கே, பிள்ளைக்கு நாக்கு வலிக்கோ என்னமோ, சரியா குடிக்க மாட்டேங்கா போல" என்று சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். ஆக, குடிக்காததற்கும் அந்தக் கைதான் பழி ஏற்றுக்கொண்டது. பிள்ளையின் உச்சிக்குழி கொஞ்சம் உள்வாங்கின மாதிரி தெரிகிறது. விளக்கு வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறதோ. பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டிருக்கிற சீசன் இது. தொட்டுப் பார்க்க நினைத்தாள், தொடவில்லை.

நினைக்கவேண்டாம் என்று தள்ளித் தள்ளி வைத்தாலும் நினைப்பு அந்த டாக்டரம்மாவின் அறை வாசலுக்கே போய் நின்றது. வேறு எங்கே ஓட்டிக்கொண்டு போனாலும் பழகின மாடு மாதிரி அங்கேயே வந்து நிற்கிறது. சின்ன அறை. சுவரில் கொழுகொழுவென்று ஒரு பிள்ளையின் படம் போட்ட காலண்டர். அண்ணன் ஒரு கையில் குடையும் ஒரு கையில் பையுமாக அவளுக்குப் பின்னால் நின்றான். பரமசிவன் அண்ணன் மாவு மில்லில் வேலை பார்ப்பவன், எங்கே போனாலும் காதோரம் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும், அன்றைக்கும் இருந்தது. மதினிக்குத் தலைவலி என்று வரவில்லை. வந்திருந்தால். வந்திருந்தால் இத்தனையும் இல்லை, ஒரு தலைவலி இத்தனை வேலை செய்யும் என்று யார் கண்டார்கள். டாக்டரம்மா பிள்ளையின் வாயை விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, பூஞ்சை, சொட்டு மருந்து தருகிறேன் என்றாள். பிறகு எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "உங்களுக்கு மார்பு காம்புல எரிச்சல், வெடிப்பு ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். அந்த வார்த்தை அறைக்குள் விழுந்ததும் அண்ணன் காலண்டர் பிள்ளையைப் பார்க்கத் தொடங்கினான். அவன் காது சிவந்ததை அவள் திரும்பாமலே பார்த்தாள். அண்ணன் நிற்கும்போது ஆமாம் என்று எப்படிச் சொல்வது, சொன்னால் எங்கே, காட்டுங்கள் என்பாள், அண்ணன் குடையோடு எங்கே போய் ஒளிவான். "இல்ல டாக்டர்" என்றாள். "இருந்தா சொல்லணும். தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே நேரத்துல மருந்து போடணும். ஒருத்தருக்கு மட்டும் போட்டா, இவங்ககிட்டேருந்து அவங்களுக்கு, அவங்ககிட்டேருந்து இவங்களுக்குன்னு போய்க்கிட்டே இருக்கும்." "இல்ல டாக்டர்" என்று மறுபடியும் சொன்னாள். வெளியே வந்ததும் அண்ணன், என்ன சொன்னாங்க என்று கேட்டான், ஒரு எழுத்துகூடக் காதில் விழாதவன் மாதிரி. சொட்டு மருந்து குடுத்திருக்காங்க என்றாள். சொட்டு மருந்து விட்டால் நாக்கு தெளிந்தது, அவள் பால் கொடுத்தால் மறுபடி வெளுத்தது. தெளிந்தது, வெளுத்தது. இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது. மதினியின் விரல் பிள்ளை நாக்கில் பட்டது ஒரே ஒரு தடவை. தினம் தினம், நேரத்துக்கு நேரம் அந்த நாக்கில் படுவது எது என்று பச்சைப்பிள்ளைக்குத்தான் தெரியாது, உனக்குத் தெரியாதா. தெரியும். அத்தை போனில் கேட்டபோதும் தெரியும். யார் கை என்று கேட்டாளே, கை இல்லை அத்தை என்று சொல்லியிருக்கலாமே.

சொல்லியிருந்தால் அவள் முத்துக்கனி அக்கா ஆகியிருப்பாள். முத்துக்கனி அத்தை வீட்டு மூத்த மருமகள், நல்ல உயரம், நல்ல நிறம், வாய் திறந்தால் சிரிப்பு. அவளுடைய முதல் பையனுக்குப் பேதி நிற்காமல் போனபோது அத்தை ஒரு கிண்ணம் தண்ணீரில் அவள் பாலைப் பீய்ச்சி விட்டுப் பார்த்தாளாம், பால் தண்ணீரோடு கலக்காமல் அடியில் போய் நின்றதாம். அவ்வளவுதான். கெட்ட பால் என்று முடிவு கட்டிப் பையனுக்குப் புட்டிப்பால் வந்தது. முத்துக்கனிக்கு மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டிப் பாலை வற்றவைத்தார்கள். பையன் இப்போது சைக்கிள் விடுகிறான், ஆனால் அவனுக்கு ஒரு சளி பிடித்தால் போதும், திரிஞ்ச பாலு குடிச்ச உடம்புல்லா என்பாள் அத்தை. விருந்தாளிகள் முன்னால் சொல்வாள், பந்தியில் சொல்வாள். முத்துக்கனி அக்கா அப்போதும் சிரிப்பாள், அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாது. அந்த வீட்டுக்குத்தான் வடிவரசி போக வேண்டும். அவள் புருஷன் சங்கரநாராயணன் கொல்லத்தில் ஹார்டுவேர் கடையில் இருக்கிறான், மாதம் ஒரு தரம் வந்து, அம்மா சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போகிறவன். நல்லவன்தான். தலையாட்டுகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். மார்பில் பூசணம் பிடித்தவள் என்று ஒரு பெயரை அத்தை வாயில் போட்டுக் கொடுத்துவிட்டு அந்த வீட்டில் எப்படி இருப்பது. ஆனால் அது மட்டும்தானா என்று மனசு விடாமல் கேட்டது. உன் பால் கெட்டது என்று சொல்லி அவர்களே நிறுத்திவிட மாட்டார்களா, மல்லிகைப் பூ வைத்துக் கட்டிவிட மாட்டார்களா, இந்த எரிச்சல் இன்றோடு தீர்ந்துவிடாதா என்று ஒரு ஆசையும் உனக்கு இருக்கிறதே. அதுவும் இருந்தது. பெயரும் கெடக்கூடாது, பாலும் கொடுக்கக்கூடாது, பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். இத்தனையும் நடக்க வேண்டுமானால் பழியைப் போட ஒரு கை வேண்டியிருந்தது. அது வலியத் தானாகவே வந்து முன்னால் நின்றது. நீ ஒன்றும் போடவில்லை. போட்டவர்களைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான். அவ்வளவுதானா.

உரசும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. பிள்ளை கண்ணைத் திறந்து முகத்தைச் சுளித்து அழுதது. நேற்றைய அழுகை போல இல்லை, சத்தம் மெலிந்திருந்தது, நடுவில் நின்று நின்று வந்தது. அழுகிற வாயில் உள்ளெல்லாம் வெள்ளை, கண்ணில் ஈரமே இல்லை. வடிவரசி எழுந்து உட்கார்ந்தாள். இவ்வளவு நேரம் அத்தையையும் மதினியையும் தன்னையும் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம், பிள்ளையைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மதினி வாசலில் வந்து நின்றாள். கையில் சங்கு, சங்கின் குழிவில் பழுப்பாக மாசிக்காய்க் குழம்பு. உள்ளே வராமல், எட்டி, சங்கைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

"சுண்டு விரல்ல கொஞ்சமா எடுத்துத் தடவு. தடவிட்டுப் பால் குடு. ஒங்க அத்தை வாறதுக்குள்ள ஒரு வாட்டி குடிச்சிட்டான்னா தெம்பா இருப்பா."

"மதினி, உள்ள வாங்க."

"இங்கன நிக்கேனே, என்னன்னு சொல்லு."

"வாங்கன்னு சொல்லுதேன்லா. கதவச் சாத்திட்டு வாங்க."

மதினி தயங்கி வந்து, கதவைச் சாத்தி, கட்டிலுக்கு ஓரடி தள்ளியே நின்றாள். வாயால் சொல்லத் தொடங்கினால் வேறு எதையாவது சொல்லிவிடுவோம் என்று வடிவரசி பயந்தாள். கொக்கிகளை அவிழ்த்து, ஒட்டியிருந்த ஈரத்துணியைப் பல்லைக் கடித்துக்கொண்டு உரித்து, மதினி பக்கமாகத் திரும்பினாள். மதினி பார்த்தாள். குனிந்து, கிட்டத்தில் பார்த்தாள். அவள் மூச்சு பட்டதுகூட எரிந்தது.

"எப்பம்லருந்து?"

"நாக்கைக் காட்ட டாக்டரம்மாகிட்ட போறதுக்கு முந்தியே."

"டாக்டரம்மா கேக்கலியா?"

"கேட்டாங்க. இல்லன்னுட்டேன். அண்ணன் நின்னான்."

மதினி சிரிக்கப் போவது போல வாயைக் கோணினாள். சிரிப்பு வரவில்லை.

"பிள்ளைக்குப் பாலு குடுக்கியா?"

"ஒரு நேரம் குடுத்தா ஒரு நேரம் விரலு." சொல்லும்போது வடிவரசிக்கு அழுகை வெடித்தது. "என்கிட்டருந்துதான் மதினி அதுக்குப் போகுது. ரெண்டு பேருக்கும் சேத்து மருந்து போடணும்னு டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க. ஒங்க கை இல்ல மதினி. ஒங்க கையில ஒண்ணும் இல்ல."

இதைச் சொல்லிவிட்டால் மதினியின் முகம் தெளியும், பிள்ளையை வாரி எடுப்பாள், தன்னையும் ஒரு அறை கொடுத்துக் கட்டிக்கொள்வாள் என்று வடிவரசி நினைத்திருந்தாள். மதினி அசையாமல் நின்றாள். உரசி உரசிப் பழுப்பேறிய விரல்களை மற்றக் கையால் மூடிப் பிடித்திருந்தாள்.

"ஒனக்கு அன்னைக்கே தெரியும்."

வடிவரசி தலையாட்டினாள்.

"காலையில ஒங்க அத்தை பேசும்போதும் தெரியும். நான் செம்பைக் கீழ வச்சதயும் பாத்த. பிள்ளை அழுவ அழுவ நான் நடையில நின்னதயும் படுத்துக்கிட்டே பாத்த." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்க்கிற குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "நம்ம வடிவு மட்டும் அப்படி நெனைக்க மாட்டான்னு நெனச்சேன். நீ அப்படி நெனைக்கலதான். தெரிஞ்சே விட்டிருக்க."

பிள்ளை மறுபடி மெலிந்த குரலில் அழுதது. மதினி சுவரில் மாட்டியிருந்த குடையை எடுத்தாள்.

"வலிச்சாலும் குடு. கண்ண மூடிக்கிட்டுக் குடு, தொண்டை காஞ்சு கெடக்கு அதுக்கு. நான் டாக்டரம்மா வீட்டுக்கே போயி, ஒனக்குப் போட மருந்து கேட்டு வாங்கிட்டு வாறேன். ரவிக்கத்துணி எல்லாத்தையும் வந்து வெந்நீருல போடுதேன்." கதவைத் திறந்தவள் நின்றாள். திரும்பாமலே பேசினாள். "ஒங்க அத்தை வந்தா இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத. முத்துக்கனி கதைதான் ஒனக்கும். நீ அந்த வீட்டுல பொழைக்கணும். என் கைன்னே இருக்கட்டும், என்ன."

வடிவரசி பிள்ளையை நெஞ்சோடு சேர்த்தாள். அது பாய்ந்து பிடித்தது. எரிச்சல் முதுகு வரை ஏறி, கண் இருண்டது. அந்த இருட்டுக்குள்ளும் உள்ளே எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்து மூச்சு இலேசாவதை அவள் உணர்ந்தாள், உணர்ந்ததும் வெட்கமாக இருந்தது. வேண்டாம் மதினி, நானே அத்தையிடம் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மதினி வாசலில் குடையை விரித்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள்.

"சரி மதினி" என்றாள் வடிவரசி.